மாங்காய் எடைமேடையில் முத்திரைக் கல் கண்ணில் படும்படி இருக்கட்டும்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், இரு மாவட்டங்களிலும் எடையளவு முத்திரைப் பணியைக் கவனிக்கும் தொழிலாளர் துறை அலுவலர்களுக்கும் தராசுப் பட்டறைக்காரன் ஒருவனின் திறந்த மடல்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

காவேரிப்பட்டணத்துப் பக்கம் உரிமம் பெற்ற தராசுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் தாத்தா வீசைக்கல்லும் படியும் புழங்கிய காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவர். 1958 அக்டோபரில் கிலோ கணக்கு நாட்டில் நுழையத் தொடங்கியபோது, வீசைக்குப் பழகிய கைகளுக்குக் கிலோவைப் பழக்கியதைப் பற்றிக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா தட்டுத் தராசு. நான் மின்னணுத் தராசு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சோறு உண்டது எடை சரியாக இருக்க வேண்டும் என்ற ஊராரின் கவலையால்தான். அந்த நன்றியோடு இதை எழுதுகிறேன்.

சென்ற மாங்காய்ப் பருவத்தில் என் சித்தப்பா இரண்டு எடைச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். ஒரே லாரி, ஒரே லோடு, பெங்களூரா மாங்காய். வழியில் இருந்த எடைமேடையில் சந்தேகத்துக்குக் காசு கொடுத்து நிறுத்துப் பார்த்திருக்கிறார். வண்டி எடை போக 8,140 கிலோ. கொள்முதல் செய்யும் இடத்து எடைமேடையில் 8,000 கிலோ. கழிவு என்று பிடிப்பது இதற்குப் பிறகுதான், அது தனிக் கணக்கு. "நீதானே தராசுக்காரன், இதில் எது சரி, சொல்" என்று மேசை மேல் இரண்டு சீட்டையும் வைத்தார். என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு தராசு இரண்டு எடை காட்டினால், மூன்றாவதாக ஒன்றை வைத்துப் பார்க்காமல் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. பத்துப் பத்துக் கிலோவாக ஏறும் எடைமேடையில் எட்டு டன் லோடுக்கு, அரசு ஆய்வாளர் சரிபார்த்து முத்திரையிடும் நாளில் பத்துக் கிலோ வரை பிழை பொறுத்துக்கொள்ளப்படும் என்பது எனக்குத் தெரியும். 140 கிலோ எந்தக் கணக்கிலும் வராது.

சில நாள் கழித்து அந்தக் கொள்முதல் இடத்திலிருந்தே என்னைப் பழுதுபார்க்க அழைத்தார்கள். மேடைக்கும் பள்ளத்தின் சுவருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். வடக்கு மூலையில் அந்த இடைவெளியில் ஜல்லி, காய்ந்த சேறு, அவற்றோடு இறுக்கிக்கொண்டு ஒரு மாங்கொட்டை. லாரி ஏறி மேடை இறங்கும்போது கொஞ்சம் பாரத்தைச் சுவர் தாங்கிக்கொண்டது. அந்தப் பாரம் மேடைக்கு அடியில் எடையை உணரும் லோட் செல்லுக்குப் போகவே இல்லை. மாங்கொட்டையைக் கம்பியால் நெம்பி எடுத்தேன். நார் முழுவதும் சிமெண்ட் தூள் படிந்து கல் போல இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் எத்தனை நாள் எத்தனை லாரி அதன் மேல் ஏறி இறங்கின என்று யாருக்கும் தெரியாது. என் சித்தப்பா ஒருவர்தான் இரண்டாவது சீட்டு வாங்கியவர்.

எடைக் கருவியை வைத்து வியாபாரம் செய்கிறவர் அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு அல்லது ஒரு டன், இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்கு முத்திரையிட்ட சோதனைக் கற்களை அந்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அங்கே கற்கள் இருந்தன. பூட்டிய அறையில், சாக்கு போட்டு மூடி, அதன் மேல் காலி டிரம் அடுக்கி.

இந்தச் சாக்கை விலக்கச் சொல்லித்தான் இந்த மடல். அந்த இரும்புக் கல் எங்கிருந்து வருகிறது, அதன் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு நிற்கிறது என்பதை நம் மக்களும் அலுவலர்களும் ஒருமுறை நினைத்துப் பார்த்தால் அதை அறைக்குள் பூட்டி வைக்க மனம் வராது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1789-இல் பிரான்சு தேசத்துக் கிராமங்களிலிருந்து அரசனுக்கு மனுக்கள் போயின. அவற்றில் திரும்பத் திரும்ப வந்த கோரிக்கைகளுள் ஒன்று, நாடு முழுவதும் ஒரே அளவு வேண்டும் என்பது. ஊருக்கு ஊர், பண்ணைக்குப் பண்ணை படி மாறியது. குத்தகை நெல்லை வாங்கும் படி போல அங்கேயும் தானியம் அளந்து வாங்கும் அளவை பெரிதாகிக்கொண்டே போனதாக உழவர்கள் முறையிட்டார்கள். மெட்ரிக் அளவை அறிஞர்களின் மூளையில் பிறந்தது உண்மைதான். அதற்கான பசி வயலிலிருந்து வந்தது.

1792-இல் டெலாம்பர், மெஷேன் என்ற இரண்டு அறிஞர்கள் பாரிசிலிருந்து கிளம்பினார்கள். டன்கர்க் முதல் பார்சிலோனா வரை பூமியின் தீர்க்கரேகை வளைவை அளந்து, அதிலிருந்து மீட்டரைக் கண்டுபிடிக்கும் வேலை. அதே 1792-இல்தான் நம் பாரமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இந்தக் கிருஷ்ணகிரி, தர்மபுரி நிலங்களை வயல் வயலாக அளக்கத் தொடங்கினார்கள். இரண்டு வேலையும் 1799 வாக்கில் ஒரு முடிவுக்கு வந்தன. அங்கே பிளாட்டினத்தில் ஒரு மீட்டரும் ஒரு கிலோவும் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டன. இங்கே ஒவ்வொரு ரயத்துக்கும், அதாவது உழவருக்கும், தீர்வை எழுதப்பட்டது. இந்த இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததை எண்ணும்போது எனக்கு ஒன்று தோன்றும். அங்கே அளவை எல்லாருக்கும் பொதுவாக்க அளந்தார்கள், இங்கே வரி வாங்க அளந்தார்கள். அளக்கப்படுகிறவனுக்கும் அளவு புரிய வேண்டும் என்ற எண்ணம் நம் ஊருக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று.

1875 மே 20 அன்று பதினேழு நாடுகள் பாரிசில் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பாரிசை அடுத்த செவ்ரே என்னும் ஊரில் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக ஓர் எடையளவு நிலையம் அமைந்தது. 1889-இல் உலகத்துக்கே ஒரு கிலோ என்று ஓர் உருளை அங்கே ஏற்கப்பட்டது. பத்தில் ஒன்பது பங்கு பிளாட்டினம், ஒரு பங்கு இரிடியம். உயரம் 39 மில்லிமீட்டர், குறுக்களவும் அதே 39. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை வைத்த நிலவறைப் பெட்டகத்துக்கு மூன்று சாவிகள், மூன்று வேறு வேறு பொறுப்பாளர்களிடம். மூன்றும் சேர்ந்தால்தான் திறக்கும். எடுத்து நிறுப்பதற்கு முன் ஈதரும் சாராயமும் தோய்த்த மெல்லிய தோலால் துடைத்து, வாலைநீரின் ஆவியில் கழுவுவார்கள். அதன் பிரதிகள் நாடுகளுக்குப் பகிர்ந்து தரப்பட்டன. இந்தியாவுக்கு வந்தது 57-ஆம் எண். அது புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், நம் தமிழர்.

இவ்வளவு பத்திரப்படுத்தியும் பிசகு வந்தது. நூறு ஆண்டுக்குப் பிறகு, 1988 முதல் 1992 வரை பிரதிகளை எல்லாம் செவ்ரேக்கு வரவழைத்து மூலக் கிலோவோடு ஒப்பிட்டார்கள். பல பிரதிகள் அதைவிட ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் கூடியிருந்தன. ஒரு கேழ்வரகு மணியை ஐம்பது கூறாக்கினால் வரும் ஒரு கூறு, அவ்வளவுதான். ஆனால் பிரதிகள் கூடினவா, மூலம் குறைந்ததா? சொல்ல வழியே இல்லை. ஏனென்றால் அந்த உருளையின் எடைக்குத்தான் கிலோ என்று பெயர். சித்தப்பாவின் இரண்டு சீட்டு எனக்கு முன்னால் கிடந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

உலகம் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடவில்லை. கேழ்வரகில் ஐம்பதில் ஒரு கூறுக்காகப் பல நாட்டு ஆய்வகங்கள் பல்லாண்டு பாடுபட்டன. 2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் கூடிய மாநாடு உலோக உருளையைக் கிலோவின் வரையறையிலிருந்து நீக்கியது. 2019 மே 20 முதல் கிலோ என்பது பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் எங்கும் மாறாத ஓர் எண்ணின் மேல் நிற்கிறது. அந்த எண்ணை அளவாக மாற்ற உதவும் கருவி, பிரயன் கிப்பிள் என்ற ஆங்கிலேய அறிவியலாளரின் எண்ணத்தில் 1975-இல் உருவான தராசு. ஒரு பக்கம் எடை, மறுபக்கம் மின்சாரம் ஓடும் சுருளின் காந்த விசை. இன்னொரு வழி, ஏறக்குறைய பிசிறே இல்லாத சிலிக்கன் கோளத்தில் எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்று எண்ணுவது. மீட்டருக்கு 1983 முதலே ஒளியின் வேகம்தான் ஆதாரம், வினாடிக்கு 1967 முதல் சீசியம் அணு.

நான் இதில் வியப்பது கருவியைக் கூட அல்ல, அவர்களுடைய பழக்கத்தை. 1999-இல் நாடுகளின் அளவியல் நிலையங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி ஒரு படிக்கல் ஒரு நாட்டின் ஆய்வகத்திலிருந்து அடுத்த நாட்டுக்குப் போகும். அங்கே நிறுத்து விடையை எழுதி ஒப்படைப்பார்கள். கல் அடுத்த நாட்டுக்குப் பயணப்படும். மற்றவர் கண்ட எண்ணை முன்கூட்டிப் பார்க்க யாருக்கும் வழி கிடையாது. எல்லாம் முடிந்தபின் விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் எவ்வளவு விலகினார் என்று நாட்டின் பெயரோடு உலகம் பார்க்க வெளியிடுவார்கள். கிலோவின் புதிய வரையறைக்குப் பிறகும் இப்படி ஒப்பிட்டார்கள். வந்த விடைகள் எதிர்பார்த்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை. எங்கள் விடைதான் சரி என்று தனித்தனியே போகாமல், ஒப்பீட்டில் கிடைத்த பொது மதிப்பையே வைத்து நிறுப்பது என்று முடிவு செய்து 2021 முதல் அப்படியே நடத்துகிறார்கள். உலகின் மிக நுட்பமான தராசுகளை வைத்திருப்பவர்களே தங்கள் பிழையை எல்லார் முன்னும் வைக்கிறார்கள்.

தில்லியிலிருந்து நம் ஊருக்கு வரும் வழியும் ஒழுங்காகவே போடப்பட்டிருக்கிறது. தேசிய ஆய்வகத்தின் அளவையிலிருந்து வட்டார ஆய்வகங்களுக்குப் படிகள் சரிபார்க்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று நமக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் தொலைவில், பெங்களூருவில் இருக்கிறது. அங்கிருந்து மாநிலத்தின் இரண்டாம் நிலைப் படிகள். அவற்றிலிருந்து உங்கள் ஆய்வாளர் பெட்டியில் தூக்கி வரும் செயல்முறைப் படிகள். அவற்றிலிருந்து என் பட்டறைக் கற்கள். என் கல்லைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் ஒரு குழியில் ஈயம் ஊற்றியிருக்கும். அந்த ஈயத்தில் ஆய்வாளரின் அடையாளம், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், எந்தக் காலாண்டு என்பதைச் சொல்லும் ஏ, பி, சி, டி எழுத்துகளில் ஒன்று. விரல் நுனியால் தடவினால் மேடு பள்ளம் தெரியும். செவ்ரேயிலிருந்து காவேரிப்பட்டணம் வரை கைமாறி வந்த சொல் அந்த ஈயத்தில் பதிந்திருக்கிறது. அப்பா புதிதாக முத்திரையிட்ட கல்லை எடுக்கும்போது துண்டில் கையைத் துடைத்துக்கொள்வார். எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

கல் ஏன் மேடைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்கு மாங்கொட்டையைத் தவிர வேறொரு காரணமும் இருக்கிறது. மின்னணுத் தராசு உண்மையில் பொருளின் நிறையைப் பார்ப்பதில்லை. பூமி அதை இழுக்கும் விசையைப் பார்க்கிறது. லோட் செல் என்பது ஓர் உலோகக் கட்டி. பாரம் ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. மேலே ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை மாறுகிறது. அதை எண்ணாக்கிக் காட்டுகிறது. பூமியின் இழுப்போ இடத்துக்கு இடம் மாறும். நிலநடுக்கோட்டுப் பக்கம் குறைவு, துருவத்துப் பக்கம் கூடுதல், உயரம் ஏற ஏறக் குறைவு. தில்லியில் சரிசெய்த மின்னணு எடைமேடையை அப்படியே கொண்டுவந்து கிருஷ்ணகிரியில் வைத்து, இங்கே கல் வைத்துத் திருத்தாமல் விட்டால், ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று குறைத்துக் காட்டும். பத்து டன் லோடுக்குப் பத்துக் கிலோ. தட்டுத் தராசில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் கல்லையும் மாங்காயையும் பூமி ஒரே மாதிரி இழுக்கிறது. தாத்தாவின் தராசுக்குத் தேவைப்படாத ஒரு காவல் என் தராசுக்குத் தேவைப்படுகிறது. அந்தக் காவல் முத்திரையிட்ட கல். செவ்ரேக்காரர்களும் கிப்பிள் தராசை ஓட்டுவதற்கு அந்த அறையில் புவி ஈர்ப்பு எவ்வளவு என்று தனியாக அளந்து வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த மாவட்டத்தில் அளவைப் பற்றிய அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓசூர்ப் பட்டறைகளில் மைக்ரோமீட்டருக்குக் காலம் தவறாமல் அளவுத்திருத்தச் சான்று வாங்குகிறார்கள். சான்று இல்லாவிட்டால் வெளியூர்க் கம்பெனி உதிரிபாகத்தை எடுக்காது. நம் மாங்கூழ் ஆலைகளிலிருந்து 215 கிலோ டிரம்மிலும் 3.1 கிலோ தகரத்திலும் கூழ் அடைபட்டுக் கடல் தாண்டிப் போகிறது. போய் இறங்கும் துறைமுகத்தில் அங்கே உள்ளவர் தன் தராசில் நிறுத்துப் பார்ப்பார், எண் ஒத்துவரும். ஒத்துவருவதற்குக் காரணம் அவர் தராசும் நம் தராசும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதே. ஆலையை விட்டு வெளியே போகும் எடைக்கு உலகமே சாட்சி நிற்கிறது. வாசலில் உள்ளே வரும் மாங்காய்க்குச் சாட்சி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியின் பக்கத்தில் நிற்கும் என் சித்தப்பா மட்டும். அவர் கையில் ஒன்றும் இல்லை.

பெட்ரோல் பங்கைப் பாருங்கள். அங்கே முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைக் குடுவை இருக்கிறது. வண்டிக்காரர் கேட்டால் அளந்து காட்ட வேண்டும். ஐந்து லிட்டரில் 25 மில்லிலிட்டருக்கு மேல் விலகக் கூடாது. கேட்பவர் சிலர்தான் என்றாலும், கேட்கலாம் என்பது ஊருக்கே தெரியும். அந்த உரிமை ஏன் போச்சம்பள்ளிச் சந்தையில் தெரியவில்லை? ராயக்கோட்டையில் தக்காளிக் கூடை நிறுக்கிற இடத்தில், தர்மபுரியில் பட்டுக்கூடு ஏலம் போகிற இடத்தில், பால் ஊற்றுகிற சங்கத்தில் ஏன் தெரியவில்லை? பட்டுக்கூட்டுக்குக் கிலோவுக்கு நல்ல விலை கிடைக்கிற நாளில் நூறு கிராம் பிசகினாலும் கைக்காசு போய்விடும்.

எனவே உங்களிடம் கேட்பது இது. பருவம் தொடங்கும் முன், ஏப்ரல் முடிவதற்குள், மாங்காய் இறங்கும் ஒவ்வோர் எடைமேடையிலும் சோதனைக் கற்களை அறையிலிருந்து வெளியே எடுத்து, மேடையின் பக்கத்தில், கூரையின் கீழ், எல்லாரும் பார்க்கும் இடத்தில் அடுக்கி வைக்கும்படி உத்தரவிடுங்கள். லோடு ஏற்றி வருகிறவர் கேட்டால் கல்லை ஏற்றிக் காட்ட வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில் பலகை வையுங்கள். கடைசியாக முத்திரையிட்ட நாள், அடுத்த முத்திரை நாள் இரண்டும் அதில் இருக்கட்டும். மின்னணுக் கருவிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை போதும் என்று சட்டம் சொல்கிறது. போதும் என்பது குறைந்த அளவு. எட்டு, பத்து வாரத்தில் ஆண்டு முழுவதற்குமான சரக்கு ஏறி இறங்கும் மேடைக்குப் பருவத்தின் நடுவில் ஒரு திடீர்ச் சோதனை வேண்டும். கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் மாங்கனிக் கண்காட்சியில் எத்தனையோ அரங்குகள் இருக்கின்றன. ஒன்றை எடையளவுக்கு ஒதுக்குங்கள். முத்திரையை எப்படிப் படிப்பது, கல்லை எந்த மூலையில் வைத்துப் பார்ப்பது, புகாரை யாரிடம் கொடுப்பது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் விவசாயிகளுக்கும் காட்டட்டும். ஆய்வாளர்கள் குறைவு, ஊர்கள் அதிகம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கல்லை விவசாயியின் கண்ணுக்கு முன்னால் கொண்டுவரச் சொல்கிறேன்.

எடைமேடை வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. இது உங்கள் மேல் குற்றச்சாட்டு இல்லை. மாங்கொட்டை சிக்கியது யாருடைய குற்றமும் இல்லை. என்னை அழைத்த அந்த உரிமையாளர், பழுது நீங்கி மறுமுத்திரை ஆனபின் சித்தப்பாவைத் தேடி வந்து விடுபட்ட எடைக்குக் காசு கொடுத்தார். மற்ற லாரிக்காரர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. காலையில் மேடையைத் திறக்கும்போது ஒருமுறை கல்லை ஏற்றிப் பார்த்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

மீட்டர் உடன்படிக்கையின் நினைவாக மே 20-ஐ உலக அளவியல் நாள் என்று கொண்டாடுகிறார்கள். நம் பக்கத்தில் மாங்காய் லாரிகள் வரிசை கட்டத் தொடங்கும் நேரம் அது. இந்த ஆண்டு அன்று காலை, நீங்கள் குறிப்பிடும் எந்த எடைமேடைக்கும் வரத் தயாராக இருக்கிறேன். என்னிடம் முத்திரை நடப்பில் உள்ள இருபது கிலோ கற்கள் பத்து இருக்கின்றன. வண்டி என்னுடையது, ஏற்றி இறக்க என் மகனும் வருவான். இடத்தை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தராசுப் பட்டறைக்காரன்,
காவேரிப்பட்டணம் பக்கம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.